கால் மைல் கனவு

சூளகிரி தெரியுமா உங்களுக்கு? ‘தெரியாது’ என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். சென்னையிலிருந்தோ சேலத்திலிருந்தோ பெங்களூருக்கு ஒரு தடவை பஸ் ஏறியிருந்தாலும் அந்த ஊரைக் கடந்திருப்பீர்கள். என்ன, அந்த நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டிருப்பீர்கள். அவரும் உங்கள் தலைமேல் சாய்ந்து பதில் குறட்டை விட்டிருப்பார். நைட் பஸ் தர்மம் அது.

சென்னை ரோடும் சேலம் ரோடும் கிருஷ்ணகிரியில் கை கோத்துக்கொண்டு ஓசூரை நோக்கி ஏறுகின்றன. சுமார் ஐம்பது கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய சரிபாதியில் சூளகிரி. ரோட்டை ஒட்டி ஒரு பாறை மலை. முனைகளைப் பார்த்தால் திரிசூலம் மாதிரி இருக்கும். சூலகிரிதான் சூளகிரி ஆச்சு என்பார்கள் ஊர்க்காரர்கள். பக்கத்தில் சின்னாறு அணை. சுற்றுவட்டாரம் முழுக்கக் கொத்தமல்லி, புதினா. காலையில் மார்க்கெட் பக்கம் பஸ் ஜன்னலைத் திறந்தால், டிபன் சாப்பிடாமலேயே சட்னி வாசனை வயிற்றை ரொப்பிவிடும்.

டீக்கடையில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். மீதிச் சில்லறை கன்னடத்தில் வரும். டீ மட்டும் எல்லா மொழியிலும் ஒரே மாதிரி: சர்க்கரை தூக்கல்!

இந்த ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனது மலையைப் பார்க்க அல்ல. ஆபீஸ் நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். அக்கவுண்ட்ஸ் செக்ஷன். வருஷம் பூராவும் அடுத்தவர் பில்லில் சிவப்பு மசியால் சுழிப்பவர். அவருக்கு ஓர் ஆசை. அப்பாவின் 1982 மாடல் பிரீமியர் பத்மினியை டிராக் ரேஸ் காராக மாற்ற வேண்டும்!

“என்ன சார் சிரிக்கிறீங்க? அமெரிக்காவுல இப்படித்தான் ஆரம்பிச்சாங்க” என்றார்.

சொன்னது நிஜம்தான். டிராக் ரேஸ் என்பது மலையாளப் படத்தில் வரும் கார் துரத்தல் மாதிரி வளைவு, நெளிவு, ஹேர்பின் சமாசாரம் இல்லை. நேர் ரோடு. ரெண்டு கார். கால் மைல், அதாவது 402 மீட்டர். யார் முதலில் போய்ச் சேருகிறாரோ அவருக்கு ஜெயம். டிபன் பாக்ஸைத் திறந்து மூடுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பே கலிஃபோர்னியாவில் வற்றிப்போன ஏரிப் படுகைகளில் பையன்கள் பழைய கார்களைப் பிரித்து மேய்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். யுத்தம் முடிந்ததும் ஏரி போதவில்லை, தெருவுக்கு வந்துவிட்டார்கள். செத்தார்கள், சாகடித்தார்கள், போலீஸ் துரத்தியது. அப்புறம்தான் பெரியவர்கள் யோசித்தார்கள். 1950-ல் சான்டா ஆனா என்ற ஊரின் விமான ஓடுதளத்தில் காசு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் விட்டார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார். ‘தெருவில் ஓட்டாதே, இங்கே வந்து ஓட்டு’ என்பதுதான் கொள்கை. இன்றைக்கு அங்கே உச்சாணியில் இருக்கும் ‘டாப் ஃப்யூயல்’ கார்களுக்கு 11,000 குதிரைத்திறன் என்று மதிப்பிடுகிறார்கள். மணிக்கு 530 கி.மீ.க்கு மேல் வேகம். கால் மைல் தாங்காது என்று 2008-ல் ஒரு வீரர் இறந்த பிறகு அந்த வகைக்குத் தூரத்தையே ஆயிரம் அடியாகக் குறைத்துவிட்டார்கள்.

நம்ம பத்மினிக்கு? நாற்பது சொச்சம் குதிரைகள். அதில் ரெண்டு மூன்று குதிரை வயசாகிப் படுத்திருக்கும்.

“சார், சிரிச்சது போதும். சோழவரம் தெரியுமா உங்களுக்கு?” என்று மடக்கினார் நண்பர்.

தெரியாமல் என்ன! மெட்ராஸுக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டில் இருக்கிறது சோழவரம். யுத்த காலத்து விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பந்தயம் விட்டது. கலிஃபோர்னியாவில் நடந்த அதே கதைதான், இங்கே வெயில் கொஞ்சம் ஜாஸ்தி. வருஷா வருஷம் ஜனம் சாப்பாட்டு மூட்டையோடு போய் உட்கார்ந்துவிடும். அது நேர் பந்தயம் அல்ல, சுற்றிச் சுற்றி ஓடுகிற பந்தயம். ஆனால் ஓடிய கார்கள் நம்ம விஷயத்துக்கு ரொம்பவே நெருக்கம். வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. கையில் இருந்தது ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதைத்தான் பிரித்தார்கள், அறுத்தார்கள், ஒட்டினார்கள். சீட்டைத் தூக்கினார்கள், கூரையை வெட்டினார்கள், வீட்டு ஷெட்டில் ‘ஸ்பெஷல்’ என்று ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டு வந்து ஓட்டியதும் அங்கேதான். ஒரு பக்கம் ஃபார்முலா ஒன், இன்னொரு பக்கம் ஷெட்டில் கட்டிய ஃபியட். கல்யாணப் பந்தியில் கலெக்டரும் கடைநிலை ஊழியரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்த மாதிரி!

கோவையில் எஸ். கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். ரேஸ் ஓட்டியதோடு நிற்காமல் காரையும் தானே கட்டினார். 1980-களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து அவர் வடிவமைத்த ஃபார்முலா மாருதி கார்கள்தான், பணக்காரர் வீட்டுப் பிள்ளையாக இல்லாதவனும் ஒற்றை சீட்டு ரேஸ் காரில் உட்கார வழி செய்தன. 1995-ல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதே கோவையிலிருந்துதான் 2005-ல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். ஷெட்டில் ஆரம்பித்த சமாசாரம் எங்கே போய் நின்றது, பாருங்கள்!

சரி, மெட்ராஸ் பெருமையும் கோவைப் பெருமையும் இருக்கட்டும். சூளகிரிக்கு ஏன் வந்தோம்?

“கார் கட்டறதுக்கு இதைவிட நல்ல ஏரியா இந்தியாவுலேயே கிடையாது சார்” என்றார் நண்பர். அதிலும் விஷயம் இருந்தது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் லாரி ஆலை. டி.வி.எஸ். மொபெட் ஆலை. அப்புறம் டைட்டன் வாட்ச். டி.வி.எஸ். தன் ரேஸிங் டீமையே 1982-ல் தொடங்கியது. இப்போது ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று மின்சார ஸ்கூட்டரும் இந்த வட்டாரத்தில்தான் பிறக்கிறது. வினாடியை அளக்க வாட்சும் இங்கே, அந்த வினாடியைக் குறைக்க ரேஸ் டீமும் இங்கே!

பெரிய ஆலை ஒன்று வந்தால் அதைச் சுற்றி நூறு சின்ன லேத் பட்டறை முளைக்கும். ‘த்ரெட் அடிக்கணும், புஷ் கடையணும், ஷாஃப்ட் சுருக்கணும்’ என்று எதைச் சொன்னாலும் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, “சாம்பிள் இருக்கா சார்?” என்று கேட்கிற ஆட்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர்.

ஹைவே ஓரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வண்டியை நிறுத்தினோம். லாரிகளுக்கு நடுவே பத்மினி, யானைக் கொட்டடியில் நுழைந்த ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. மெக்கானிக் அண்ணா பானெட்டைத் திறந்து பார்த்தார். கண்ணில் ஒரு பளபளப்பு.

“பழைய வண்டி சார், ஆனா நல்ல வண்டி. இன்ஜின் முன்னாடி, இழுவை பின்னாடி. நீங்க சொல்ற ரேஸுக்கு இதுதான் சரி” என்றார்.

ஏன் என்றால், கார் சடக்கென்று கிளம்பும்போது எடை பின்பக்கம் சாயும். மாமியார் வீட்டு மாட்டு வண்டி கிளம்பினால் நாம் பின்னால் சாய்வோமே, அதே மாதிரி. பின் சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தால் அந்தச் சாய்வு சக்கரத்தை ரோட்டில் அழுத்திப் பிடிக்கும். இந்தக் காலத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன் சக்கரம்தான் இழுக்கும். கிளம்பும்போது பிடிமானம் குறைந்து அது வெறுமனே சுற்றும். பத்மினி, அம்பாசடர், கான்டெஸா மூன்றும் பின் இழுவை. அதனால்தான் வண்டி கட்டுகிறவர்கள் இன்னும் பழைய செடான்களைத் தேடி அலைகிறார்கள்.

மெக்கானிக் அண்ணா விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பின் சீட், கதவு அட்டை, பம்பர் எல்லாம் கழற்றி எறியணும். ஹெட்டை உரசி கம்ப்ரஷனை ஏற்றணும். ஃப்ளைவீலைக் கடைந்து எடையைக் குறைக்கணும். கேம் ஷாஃப்டை மாற்றிக் கடையணும். ரெட்டை கார்புரேட்டர் வைக்கணும். ஸ்டீயரிங் கியரைத் தூக்கிவிட்டுக் கீழே கியர் வைக்கணும். டிஃபரன்ஷியலை வெல்டு வைத்தால் ரெண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்.

நண்பர் சட்டைப் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். அக்கவுண்ட்ஸ் புத்தி போகுமா?

டிராக் ரேஸ்காரர்களிடம் ஒரு மதிப்பீட்டுச் சூத்திரம் இருக்கிறது. காரின் எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, வருவதற்குக் கனமூலம் எடுத்து, அதை ஒரு மாறாத எண்ணால் பெருக்கினால், கால் மைல் நேரத்தை ஏறக்குறைய சொல்லிவிடலாம். பத்மினியின் எடை 900 கிலோ வாக்கில். ஓட்டுபவரையும் சேர்த்துப் போட்டால் 22 வினாடி வருகிறது. கோட்டைத் தாண்டும்போது மணிக்கு நூறு கி.மீ. இருக்கும்.

“பாதி எடையைக் குறைச்சா பதினோரு வினாடியா?” என்றேன்.

“அங்கதான் சார் வயித்துல அடிக்கிறான். கனமூலம்! எடையைப் பாதியாக்கினாலும் நேரம் அஞ்சுல ஒரு பங்குதான் குறையும். பதினேழரை வரும். பவரை ரெட்டிப்பாக்கினாலும் அதே கதைதான்.”

சம்பளம் ரெட்டிப்பானாலும் மாசக் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான் கூடும். மாசச் சம்பளக்காரனுக்குக் கனமூலம் புரியாதா?

இன்னொரு இடியையும் ஊரே இறக்கியது. கடல் மட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி ஐந்நூறு மீட்டர் வாக்கில், ஓசூர் தொள்ளாயிரம் மீட்டர் வாக்கில். மேலே போகப் போகக் காற்று லேசாகும். இன்ஜின் மூச்சு விடுவதும் காற்றைத்தானே! கார்புரேட்டர் வண்டிக்கு ஓசூர் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு பவர் காணாமல் போகும். கால் மைலில் முக்கால் வினாடி அம்பேல். ஓசூரின் குளுகுளு காற்று நமக்கு சுகம், பத்மினிக்கு இளைப்பு.

“அதெல்லாம் சரி, வண்டியைக் கட்டி முடிச்சா எங்க ஓட்டிப் பார்ப்பீங்க?” என்று கேட்டேன்.

நண்பர் பதில் சொல்லவில்லை. ஷெட்டுக்கு வெளியே விரிந்து கிடந்த ஹைவேயைப் பார்த்தார். கொஞ்ச தூரத்துக்கு நேர் ரோடு. வழவழவென்று கிடக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு...

மெக்கானிக் அண்ணாவும் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே ஷெட்டின் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே ஒரு கார் கிடந்தது. கார் என்று சொன்னதால்தான் தெரிந்தது. முன் பாதி அப்பளம். ஸ்டீயரிங் சீட்டோடு ஒட்டியிருந்தது. சின்னக் குழந்தையின் ஒற்றைச் செருப்பு ஒன்று தரையில் கிடந்தது.

“இந்த ரோட்டுல ராத்திரி லாரி நிக்கும் சார், லைட்டு போடாம. சர்வீஸ் ரோட்டுல இருந்து கொத்தமல்லி மூட்டையோட டி.வி.எஸ். ஃபிப்டி ஏறும். மாடு வரும், மனுஷன் வருவான். லாரி டிரைவருங்களே இந்த இறக்கத்துல கியர்ல போட்டுத்தான் இறக்குவாங்க. நான் இங்க இன்ஜினைப் பிரிச்சதைவிட பாடியைப் பிரிச்சதுதான் ஜாஸ்தி. வண்டி பாடியை மட்டும் சொல்லல” என்றார்.

அப்புறம் நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

2022-ல் இந்திய ரோடுகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அரசாங்கக் கணக்கு. அதில் பத்துக்கு ஏழு சாவு அதிவேகத்தால். சட்டமும் சும்மா இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மூன்று மாதம் வரை உள்ளே, ஐயாயிரம் வரை அபராதம். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம், பத்தாயிரம். வண்டியைக் கண்டபடி மாற்றுவதையும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுகிற வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆக, பத்மினியை அறுத்தால் அது மறுபடி ரோட்டுக்கு வராது. பந்தய இடத்துக்குக்கூட லாரியில் ஏறித்தான் போக வேண்டும். ராஜா பல்லக்கில் போவது மாதிரி!

பந்தயத் தளத்திலேயே ஓட்டினாலும் ஆபத்து விட்டுவிடாது. அமெரிக்காவில் டான் கார்லிட்ஸ் என்று ஒரு ஜாம்பவான். அவரும் ஷெட்டில் கார் கட்டியவர்தான். 1970-ல் கிளம்புகிற இடத்திலேயே கியர் பெட்டி வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுத்தபடி யோசித்தார்: ‘இன்ஜின் ஏன் எனக்கு முன்னால் இருக்க வேண்டும்?’ அடுத்த வருஷமே இன்ஜினைத் தனக்குப் பின்னால் வைத்துக் கட்டி, ஓட்டி, ஜெயித்தார். அதற்கப்புறம் அந்த வகைக் கார்களின் அமைப்பே மாறிப்போனது.

அதனால்தான் இந்தப் பந்தயத்தில் வேகத்துக்குப் போடும் பணத்துக்கு முன்னால் உயிருக்குப் போடும் பணம் வரும். கூரைக்குள் ரோல் கேஜ் என்று இரும்புக் குழாய்க் கூண்டு. தீயணைக்கும் கருவி. தோள் ரெண்டையும் பிடிக்கும் பெல்ட். ஹெல்மெட். புரோப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். ஷாஃப்ட் முறிந்தால் தரையில் குத்திக் காரைக் குப்புறக் கவிழ்க்காமல் அது தாங்கிக்கொள்ளும். நண்பர் இதையும் கூட்டிப் பார்த்தார். கால்குலேட்டரில் இடம் போதவில்லை.

“22 வினாடி வண்டிக்கு இவ்வளவு செலவா? எப்படியும் தோக்கத்தானே போறேன்” என்று சோர்ந்தார்.

தோற்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யமே! ‘பிராக்கெட்’ என்று ஒரு முறை இருக்கிறது. உங்கள் வண்டி எத்தனை வினாடியில் போகும் என்று நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். பத்மினி 22, பக்கத்து வண்டி 15 என்றால், பத்மினிக்கு ஏழு வினாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். அப்புறம் யார் சரியாகக் கிளம்பினார், யார் சொன்ன நேரத்துக்கு ஒட்டி ஓடினார் என்பதில்தான் வெற்றி. அவசரப்பட்டுக் கிளம்பினால் சிவப்பு விளக்கு, அவுட். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடினாலும் பெரும்பாலும் அவுட்!

“அதாவது எஸ்டிமேட் போட்டு, அதுக்குள்ள கரெக்டா முடிக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் நண்பர். “சார், இது டிரைவர் வேலை இல்ல. அக்கவுண்டன்ட் வேலை!”

இடம்? ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் ஏழாயிரம் அடி நீளத்துக்கு ஒரு தனியார் விமான ஓடுதளம் இருக்கிறது. பெயரைக் கேட்டதுமே நண்பரின் முகம் மலர்ந்தது. “அது விமானத்துக்கு சார்” என்று அடக்கினேன். ஆனால் இதே ரோட்டைப் பிடித்துச் சென்னைப் பக்கம் இருநூறு கி.மீ.க்கு மேல் போனால், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை வரும். சோழவரத்தை விட்டு வந்த அதே கிளப் 1990-ல் திறந்த டிராக். மொத்த நீளம் 3.7 கி.மீ. பைக்குகளுக்கான தேசிய டிராக் போட்டிகளும் அங்கே நடந்திருக்கின்றன. கார்களுக்கு மகாராஷ்டிராவில், லோனாவ்லா பக்கம் ஆம்பி வேலி ஓடுதளத்தில் போட்டி நடத்தியிருக்கிறார்கள். வேகம் பிடிக்கிறவனுக்கு இடம் இல்லாமல் இல்லை. ஊருக்குப் பக்கத்தில்தான் இல்லை. சூளகிரிச் சுற்றுவட்டாரத்தில் பைக்குக்கும் லாரிக்கும் உதிரி பாகம் கடைகிற இத்தனை ஆயிரம் இளைஞர்களுக்கு, அதை முறையாக ஓட்டிப் பார்க்க ஒரு அரை மைல் தார் ரோடு இருந்தால், ராத்திரி ரெண்டு மணி ஹைவேயில் கொஞ்சம் கூட்டம் குறையும். சான்டா ஆனாவில் 1950-ல் புரிந்த விஷயம்.

மெக்கானிக் அண்ணா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். “வண்டி யார் பேர்ல சார் இருக்கு?”

“அப்பா பேர்ல.”

“அவருக்குத் தெரியுமா?”

நண்பர் தலையைச் சொறிந்தார். அப்பா ரிட்டையர்டு பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத்தில் ஃபியட்டுக்கு முன்பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை. கார் வீட்டுக்கு வந்த வருஷம் பிறந்தவர்தான் நம்ம நண்பர். பதினைந்து வருஷம் தாண்டிய பிறகும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நின்று ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறார் மனிதர்.

“இதை அறுத்தா திரும்ப ஒட்ட முடியாது சார். காயலான் கடையில இன்ஜின் இல்லாத ஃபியட் கூடு கிடைக்கும், நான் பார்த்து வைக்கிறேன். அதுல கூண்டு அடிப்போம். இது இப்படியே இருக்கட்டும்” என்றார் மெக்கானிக் அண்ணா. ஒரு வேலையை வேண்டாம் என்று சொன்ன மெக்கானிக்கை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

நண்பர் ரொம்ப நேரம் பானெட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் செல்போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டார். முழுத் திட்டத்தையும் ஒப்பித்தார். ரேஸ், கூடு, கூண்டு, இருங்காட்டுக்கோட்டை, எல்லாம். கடைசியில், “உங்க வண்டியைத் தொடலைப்பா” என்றார்.

ஸ்பீக்கரில் பெரியவரின் குரல் நிதானமாக வந்தது.

“ரேஸ் எல்லாம் சரிடா. ஓடறதுக்கு முன்னால நிக்கத் தெரியணும். பிரேக் பிடிச்சா வண்டி இடது பக்கம் இழுக்குது, ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன். மெக்கானிக் பக்கத்துல இருக்கார் இல்ல? முதல்ல அதைப் பாக்கச் சொல்லு.”

மெக்கானிக் அண்ணா சிரித்துக்கொண்டே ஜாக்கியை எடுத்தார்.